முப்பது நாளில் மறையும் மேளக்கச்சேரி

ஆசிரியர் அவர்கட்கு,

இளம் இசைக்குழுக்கள் ஒத்திகையையும் கோயில் வெளிவீதியில் வாசித்ததையும் அலங்கோலமாக இணையத்தில் போட்டு விடுகிறார்கள், ஒழுங்காக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து இறுவட்டாக வெளியிட்டால் என்ன என்று உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாயனத்துக்கு (நாதஸ்வரத்துக்கு) பக்கத்தில் கிற்றாரை இருத்தி, இடையில் பறையையும் இழுத்துவிட்டு, சுருதி சேர்ப்பது, எடுப்பைத் தவறவிட்டுச் சிரிப்பது, யாரோ தேத்தண்ணி கொண்டுவருவது எல்லாவற்றையும் வெட்டாமல் ஏற்றிவிடும் குழுக்களைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறோம். அவர்களிடம் கொஞ்சம் கோமாளித்தனம் இருக்கிறதுதான். ஆனாலும் அவர்கள் செய்கிற காரியம் சரி. பதியும் முறையிலும் பாதுகாக்கும் முறையிலும்தான் பிழை. ஒலியமைப்பு வேலையில் இருப்பவர்கள் என்ற வகையில் அதைப் பற்றிச் சில விபரங்களை எழுதுகிறோம்.

அவசரமான விடயம் முதலில். நம் ஊர்க் கச்சேரிகளில் பல, முகநூல் நேரலையாக மட்டுமே வெளியே போகின்றன. வேறு பிரதி எவரிடமும் இருப்பதில்லை. 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் புதிய நேரலைகளை 30 நாட்களுக்கே வைத்திருக்கிறது. அதற்குள் இறக்கி எடுக்காவிட்டால் அழிந்துவிடும். அதற்கு முந்திய பழைய நேரலைகளுக்கும் அறிவித்தல் கொடுத்து, 90 நாள் அவகாசத்தின் பின் நீக்குவதாகவே சொன்னது. 'முகநூலில் கிடக்குதுதானே' என்று நம்பியிருந்த திருவிழாக்கள் எத்தனை போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இது முகநூலின் தனிக் குணமும் அல்ல. மைஸ்பேஸ் என்ற தளம், 2003 முதல் 2015 வரை இசைக்குழுக்கள் ஏற்றிய பாட்டுகளைச் சேர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது. ஏற்றும் இடம் வேறு, வைக்கும் இடம் வேறு என்று குழுக்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்டதையும் பதிந்து பகிர்வது யாழ்ப்பாணத்துப் பொடியள் கண்டுபிடித்த கூத்து என்று அந்த வாசகர் நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 1965 இல் தொடங்கிய கிரேற்ஃபுல் டெட் என்ற குழு, ஒரு பாட்டை எடுத்தால் அரை மணித்தியாலம் எங்கெங்கோ போய்த் திரும்பி வரும். மறுநாள் வேறு வழியால் போகும். அதனால் இரசிகர்கள் மைக்கும் கசெற் ரெக்கோடரும் தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்தார்கள். அவர்களைப் பிடித்து வெளியே தள்ளாமல், 1984 ஒக்ரோபர் முதல் அரங்கிலேயே பதிவுகாரருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தது அந்தக் குழு. பதியலாம், ஒருவருக்கொருவர் கொடுக்கலாம், விற்கக்கூடாது என்பதே விதி. வெற்றுக் கசெற்றையும் தபால் செலவையும் அனுப்பினால் முன்பின் தெரியாதவரும் பதிந்து அனுப்புவார். 1995 இல் குழு முடிவுக்கு வந்தபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்திருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை இன்றும் கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் 2010 இல் தொடங்கிய கிங் கிஸர்ட் அண்ட் த லிஸர்ட் விஸர்ட் இன்னும் ஒருபடி மேல். 2017 இல் ஒரே ஆண்டில் ஐந்து ஆல்பங்களை வெளியிட்டு, அதில் ஒன்றின் மூலக் கோப்புகளை இலவசமாகக் கொடுத்து, விரும்பியவர்கள் தாங்களே இசைத்தட்டாக அடித்து விற்கலாம் என்றார்கள். பிறகு மேடைப் பதிவுகள் பலவற்றையும் அதே மாதிரி திறந்துவிட்டார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அவர்களுக்கு உலகம் முழுக்க இரசிகர்கள் இருக்கிறார்கள்.

மேளத்துக்கு இந்த முறை இன்னும் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். நாயனகாரர் இன்றைக்கு வாசிக்கும் தோடி இராகம் நாளைக்கு வராது. தவில் தனியும் அப்படியே. கூடத்தில் எட்டு நிமிடத்துக்குள் அடக்கிப் பதிந்த ஆலாபனையில் இராகம் இருக்கும், ஆனால் விடியப்புறம் இரண்டு மணிக்குச் சனம் விலகாமல் நிற்கும்போது பிறக்கிற வாசிப்பு இருக்காது. இணுவிலில் 1933 இல் பிறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவருடைய தவிலைக் கேட்டு இன்றும் பிள்ளைகள் பாடம் பண்ணுகிறார்கள். எந்தக் கோயில், எந்த ஆண்டு, கூட வாசித்தவர் யார் என்ற ஒரு வரிக் குறிப்பும் இல்லாமல் சுற்றும் பதிவுகளையும் அதோடு பார்க்கிறோம். யாரோ ஒருவர் சிரமப்பட்டுப் பதிந்தார். பேனையை எடுத்துக் கசெற் உறையில் நாலு சொல் எழுதவில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. இங்குள்ள குழுக்கள் பிழைப்பது திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் தரும் காசிலும் கலியாணவீட்டுக் காசிலும். இறுவட்டு விற்று எவரும் வீடு கட்டியதில்லை. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிற ஒருவர் அடுத்த கோடையில் எந்தக் குழுவைக் கூப்பிடலாம் என்று தேடும்போது, மெருகிட்ட மூன்று நிமிடக் காட்சியைவிட இரண்டு மணித்தியாலம் வெட்டாமல் ஓடும் பதிவுதான் குழுவின் உண்மையான தரத்தைக் காட்டும்.

இனி, பதியும் முறை. பிழைகள் அதிகம் இங்கேதான்.

போனில் பதிவதில் குற்றமில்லை. ஆனால் போன் மனிதர் பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும், குறைந்தால் தானாகக் கூட்டும். தவிலில் ஒரு தீர்மானம் (முத்தாய்ப்பு) பலமாக விழுந்த அடுத்த கணம் நாயனம் அமுங்கி, மெல்ல மெல்ல மேலே வருவதைப் பல பதிவுகளில் கேட்கலாம். அதற்குக் காரணம் இதுதான். அதைவிட மோசமானது பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி. விடாமல் ஒரே சீராகக் கேட்கும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணும். நம் இசையில் விடாமல் ஒரே சீராகக் கேட்பது ஒத்தும் சுருதிப்பெட்டியும். நல்ல போனில் பதிந்தும் சுருதியே கேட்கவில்லை என்று முறைப்பாடு வருவது இதனால். எனவே, போனோடு வருகிற கமராவை நம்பாமல், ஒலியளவைக் கையால் வைக்கக்கூடிய பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, தானியங்கி அளவையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்தி, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். போனை விமான நிலையில் வையுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அறுபடும். அழைப்பு வராவிட்டாலும் பக்கத்து மைக் வயரில் போனின் அலை ஏறி 'டிக்-டிக்' என்று இரையும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஸூம், டாஸ்காம் போன்ற கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றைக் குழுவே வாங்கி வைப்பது நல்லது. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், ஸ்ரீரியோ என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைற், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் போகும். 32 கிகாபைற் மெமரி காட் ஒன்றில் முப்பது மணித்தியாலம் பதியலாம். ஒரு திருவிழாவுக்கே காணும். பல கருவிகள் 2 கிகாபைற்றுக்கு ஒருதடவை கோப்பைத் தாமே பிரிக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். பிறகு ஒட்டும்போது இடைவெளி விடாமல் ஒட்டினால் போதும். காட்டைக் கணினியில் அல்லாமல் கருவியிலேயே போமற் செய்யுங்கள்.

ஒலியளவைக் கச்சேரி தொடங்கும்போது சரிசெய்தால் ஏமாந்தீர்கள். தொடக்கத்தில் வாசிக்கும் மல்லாரியில் அளவாக இருந்தது தவிலின் தனி ஆவர்த்தனத்தில் உச்சியில் முட்டிக் கிழியும். கிழிந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தைக்க முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். ஆகையால், நாலைந்து தவில் சேர்ந்து உரத்து வாசிக்கும்போது கருவியின் அளவுகாட்டி முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி முன்கூட்டியே வையுங்கள். 24 பிற்றில் பதிவதே இந்த இடத்தை விட்டுவைப்பதற்குத்தான். 32 பிற் ஃபுளோற் கருவி என்றால் அளவை வைக்கிற தலையிடியே பெரும்பாலும் இல்லை. ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தில் அதுவும் கிழியும். நாயனத்தின் அணசுக்கு (ஒலி வெளிவரும் விரிந்த வாய்க்கு) முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

கருவியை எங்கே வைப்பது? நாயனத்தின் அணசுக்கு நேர் எதிரில் ஒலி கூர்மையாகக் குத்தும். கொஞ்சம் விலகி, கொஞ்சம் உயரத்தில் வைத்தால் உருண்டு வரும். நாயனம் நடுவிலும் தவில் இருபக்கமும் இருக்கும் அமைப்பில் முன்னால் எட்டு முதல் பத்தடி தூரத்தில், இருப்பவர்களின் தலைக்கு ஓரடி மேலே, ஸ்ராண்டில் நிறுத்துவது பெரும்பாலும் சரியாக வரும். தவிலில் கழியால் அடிக்கும் தொப்பி ஒரு பக்கம், விரலால் வாசிக்கும் வலந்தலை மறுபக்கம் என்பதால், ஒரு தவில்காரருக்கு மிகக் கிட்டத் தொப்பிப் பக்கமாக நின்றால் கழி விழும் ஒலி மட்டும் பதியும், விரல் சொல் தொலையும். தாளக்காரருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். தாளம் வேறெல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஏறிவிடும்.

குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பதிவதும் வீண் வேலை. அதில் அடித்தொனி வெளிவராது. தொப்பி கேட்காத தவில் தகரம் தட்டுவது போல இருக்கும். வீதி நெடுகக் குழாய் கட்டியிருந்தால் நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள குழாயின் ஒலி ஏறத்தாழ 0.29 செக்கன் பிந்தி வந்து சேரும். துரிதகாலச் சொற்கட்டு அதில் சேறாகிவிடும். உபயகாரர் குழாயை எத்தனை வேண்டுமானாலும் கட்டட்டும், பதிபவர் மேடைக்கு முன்னால் போய்விட வேண்டும்.

காற்றும் ஒரு பிரச்சினை. நல்லூர் உட்பட நம் பெரிய திருவிழாக்கள் பல சோளகக் காற்று வீசும் மாதங்களில் வருகின்றன. மைக்கோடு வருகிற பஞ்சு உறை சோளகத்துக்குக் காணாது. நீள மயிர் வைத்த உறை வேண்டும். கருவியில் அடித்தொனியை வெட்டும் வசதி இருந்தால் 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். அதற்குமேல் வைத்தால் தொப்பியின் கனமும் சேர்ந்து போகும்.

கிற்றாரும் கீபோட்டும் உள்ள குழுக்கள் 'மிக்சரில் (மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவியில்) இருந்து நேரே எடுத்தால் துப்புரவாக வரும்' என்று நினைக்கின்றன. வரும், ஆனால் சமநிலை தலைகீழாக இருக்கும். மேடையில் எது தன் பலத்திலேயே கேட்கிறதோ அதை ஒலியமைப்பாளர் மிக்சரில் கூட்டுவதில்லை. ஆகவே மிக்சர் பதிவில் பாட்டுக்காரர் காதுக்குள் நிற்பார், தவில் பக்கத்து ஒழுங்கையில் கேட்கும். சனத்தின் ஆரவாரம் இருக்கவே இருக்காது. மிக்சரில் ஒரு பதிவு, முன்னால் மைக்கில் ஒரு பதிவு என்று இரண்டையும் எடுத்துப் பிறகு கலப்பதுதான் வழி. நம் வெப்பநிலையில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஓரடியைச் சற்றுத் தாண்டும். மைக் நாற்பதடியில் நின்றால் மிக்சர் பதிவை ஏறத்தாழ 35 மில்லிசெக்கன் பின்தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரட்டையாக விழும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்து ஓடுவதில்லை, ஒரு மணித்தியாலத்தில் சில பத்து மில்லிசெக்கன் விலகலாம். தொடக்கத்திலும் முடிவிலும் மேடையில் ஒருவர் பலமாக ஒருதடவை கைதட்டினால், அந்த இரண்டு குறிகளையும் பிடித்துச் சரிசெய்யலாம்.

மிக்சரில் இருந்து வரும் வயரை மைக் துளையில் குத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. மிக்சர் வெளிவிடும் 'லைன்' அளவு ஒலிச் சைகை மைக் துளைக்குப் பல மடங்கு கூட. ஒலியளவைப் பூச்சியத்துக்குக் குறைத்தாலும் கிழிந்தே பதியும். கருவியில் லைன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இடையில் அளவு குறைக்கும் வயர் போடுங்கள். 'ம்ம்ம்' என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால், பதிவுக் கருவியையோ மடிக்கணினியையோ சாஜரில் இருந்து கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள், அநேகமாக நின்றுவிடும். பற்றரியில் ஓடவிடுவதில் இன்னொரு நன்மை உண்டு. கரண்ட் நின்றால் மிக்சர் சாகும், கருவி சாகாது. பதிந்துகொண்டிருக்கும்போது மின் அறுந்தால் கோப்பு மூடப்படாமல் கெட்டுப்போகும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது அதிகமில்லை, செய்யக்கூடாததுதான் அதிகம். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். பிரதி ஒன்றில் ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் பாட்டு பாட்டாகப் பிரித்து, ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். ஒலி ஒரு துளியும் குறையாமல் கோப்பின் அளவு பாதியளவுக்குச் சுருங்கும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவை உயர்த்திச் சமப்படுத்தினால் கச்சேரி ஏறி இறங்கிய கதை போய்விடும். சுருதி சேர்க்கும் பகுதியையும் வெட்ட வேண்டாம். சுருதி எது என்று பின்னர் பாடம் பண்ணுகிறவருக்கு அது வேண்டும். எம்பி3 கோப்பை ஃபிளாக் ஆக்கி ஏற்றும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். இழந்தது திரும்பாது, பெட்டி மட்டும் பெரிதாகும்.

கோப்பின் பெயரில் குழு, ஆண்டு-மாதம்-நாள், இடம் என்ற ஒழுங்கில் எழுதினால் நாள் வாரியாகத் தானே அடுக்கப்படும். கூடவே ஒரு சிறு எழுத்துக் கோப்பு: எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் எந்த வாத்தியம், உருப்படிகளும் இராகங்களும், எந்தக் கருவியில் எங்கிருந்து பதிந்தது. ஐந்து நிமிட வேலை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஓடியோவாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போகும். யூரியூப்பில் போடுவது நாலு பேர் கேட்கத்தான். அது ஒலியைச் சுருக்கித்தான் கொடுக்கும். மூலத்தை இரண்டு ஹாட் டிஸ்க்கில் இரண்டு வீடுகளில் வைத்து, மூன்றாவது பிரதியை இன்டர்நெற் ஆர்கைவ் தளத்தில் ஏற்றலாம். ஏற்றிய கோப்பையே அப்படியே திரும்ப இறக்க விடும் இடம் அது. 2002 முதல் மேடைப் பதிவுகளுக்கென்று தனிப் பகுதியும் வைத்திருக்கிறது, அனுமதி கொடுத்த குழுக்களுக்கு மட்டும். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசிப் பார்க்கலாம்.

அனுமதி என்பதில்தான் நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வாசிப்பவருக்கும் தம் வாசிப்பின் மீது உரிமை கொடுக்கிறது. அழைத்த உபயகாரரும் வீடியோக்காரரும் கேட்காமல் நேரலை விடுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் வழக்கம் சட்டம் ஆகாது. குழு தன் பக்கத்தில் மூன்று வரி எழுதிவைத்தால் போதும்: பதியலாமா, பகிரலாமா, விற்கலாமா. மேலே சொன்ன கிரேற்ஃபுல் டெட் குழுவே மிக்சர் பதிவு, இரசிகர் பதிவு என்ற வேறுபாட்டை முதலில் தெளிவாக்காமல் விட்டு, 2005 இல் இன்டர்நெற் ஆர்கைவ் தளத்தில் இருந்த மிக்சர் பதிவுகளை இறக்க முடியாமல் செய்தபோது இரசிகர்களோடு மனக்கசப்பில் முடிந்தது. கூட வாசிக்க வந்த வெளியூர்த் தவில்காரரையும் அன்றே கேளுங்கள். உள்வீதியில் பதியத் தடையுள்ள கோயில்களில் பதிய வேண்டாம், வெளிவீதியில் சமா (நின்று வாசிக்கும் மேளக்கச்சேரி) நடக்கும்வரை பொறுக்கலாம். சினிமாப் பாட்டு வாசித்தால் தளங்கள் தானாகவே அடையாளம் கண்டு ஒலியை முடக்கும் என்பதால், அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தால் மற்றவை தப்பும். 1847 இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைக்கு எவரும் பதிப்புரிமை கேட்க முடியாது. தளத்தின் இயந்திரம் தவறிக் கேட்டாலும் மறுத்து எழுதலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. கொடியேற்றம் முதல் பூங்காவனம் வரை எந்தக் கோயிலில் எந்த நாயனகாரர், எந்தத் தவில்காரர் என்று உங்கள் பத்திரிகையில் திருவிழா அறிவித்தல்கள் வருகின்றன. அதே இடத்தில், கலைஞர்கள் சம்மதித்திருந்தால், 'ஒலிப்பதிவு செய்யலாம், விற்பனைக்கு அல்ல' என்ற வரியையும் சேர்க்கும்படி அறிவித்தல் கொண்டுவருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கருவியோடு வருகிறவருக்கு வாசலில் யாரோடும் வாக்குவாதப்பட வேண்டியிராது.

இங்ஙனம்,
ஒலியமைப்பு, ஒலிப்பதிவு வேலை செய்வோர் சிலர்,
இணுவில்.